அமிர்தவல்லி வாயில அடிச்ச வாசம்

"ஒரே ஒரு வாய்தானே"ன்னு யாராவது சொல்லிட்டா போதும், சுலோசனாவுக்கு உச்சி மண்ட சூடாயிடும். புதுச்சேரியில, சாரம்ங்கற பகுதியில அவங்க இருந்த தெருவுல அதச் சொல்லாத ஆளே கெடையாது. ஒரு கொழந்த பாத்துக்கிட்டு நிக்கிறப்போ அதுக்குக் குடுக்காம தின்னா, தின்னவங்களுக்கு வயித்து வலி வரும்னு அங்க ஒரு பயம். அதனால இட்லிக்காரம்மா ஒரு விள்ளல் குடுப்பா, எதிர்வீட்டுக்காரர் வாழப்பழத்துல பாதி ஒடிச்சுத் தருவாரு, கோயிலுக்குப் போயிட்டு வர்றவங்க சக்கரப் பொங்கல உருட்டி வாயிலயே திணிச்சிட்டுப் போவாங்க. நல்ல மனசுலதான் குடுத்தாங்க. அதுதான் அவளுக்கு ஆத்திரம். கெட்ட எண்ணத்துல குடுத்தா சண்டையாவது போடலாம்.

அவ பொண்ணு அமிர்தவல்லிக்கு அப்போ ஏழு வயசு. நடக்க ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே வலிப்பு வந்துடுச்சு. மொதல்ல எப்பவாவது வந்துச்சு, அப்புறம் தெனமும். பேசிக்கிட்டு இருக்கும்போதே கண்ணு மேல சொருகிக்கும், கை கால் வெட்டி இழுக்கும், வாயில நொர தள்ளும். பெரிய ஆஸ்பத்திரியில மாத்திர குடுத்தாங்க. வலிப்பு கொஞ்சம் கொறஞ்சுச்சு, ஆனா அதோட பொண்ணும் கொறஞ்சு போயிட்டா. நாள் பூரா தூங்கி வழிஞ்சா. முழிச்சிருந்தாலும் செவுத்தையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பா. கன்னியாஸ்திரி பள்ளிக்கூடத்துல சேத்துப் பாத்தாங்க. வகுப்புலயே விழுந்துட்டா. மத்த புள்ளைங்க பயப்படுது, வீட்டுலயே வச்சிருங்கன்னு சிஸ்டர் திருப்பி அனுப்பிட்டாங்க. நல்லவங்கதான் அந்த சிஸ்டர். லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறக்கற வரைக்கும் வலிப்பு வராம இருந்தா மறுபடியும் சேத்துக்கறேன்னு வார்த்த குடுத்திருந்தாங்க. சுலோசனா அந்த வார்த்தையப் புடிச்சுக்கிட்டுத்தான் தொங்கிக்கிட்டு இருந்தா.

ஆஸ்பத்திரியில ஜில்பேர்னு ஒரு டாக்டரு. தமிழ்க்காரருதான், பிரான்சுல படிச்சிட்டு வந்தவரு. பிரெஞ்சுக்காரன் போயி அப்போ மூணு நாலு வருஷம் ஆயிருந்துச்சு, அவரு போவாம இங்கயே இருந்துட்டாரு. மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்கு ஒரு பழைய வைத்தியம் இருக்குது, சாப்பாட்டுலயே பண்றது, கொஞ்சம் கஷ்டம்னு சொன்னாரு. சோறு கெடையாது. இட்லி, தோச, கஞ்சி எதுவும் கெடையாது. சக்கர, வெல்லம், பழம் கண்ணாலயும் பாக்கக் கூடாது. வெண்ணெ, பாலேடு, முட்ட, தேங்காயெண்ணெ, கொஞ்சம் மீனு, கொஞ்சம் கீர, அவ்வளவுதான்.

அவரு சொன்ன கணக்கு இதுதான். ஒடம்புக்கு நாம போடற வெறகு சக்கர. சோறும் உள்ள போனா சக்கரதான். மூளையும் அதத்தான் எரிக்குது. அந்த வெறக நிறுத்திட்டா, ஈரல் கொழுப்பக் கரச்சு வேற ஒரு சரக்க ரெத்தத்துல எறக்கும். பட்டினி கெடக்கறவங்க ஒடம்புல நடக்கறது மாதிரி. அந்தச் சரக்கு ரெத்தத்துல நின்னா, மூள சட்டுனு பத்திக்கிட்டு ஒதறாம அடங்கி இருக்கும். எப்பிடி அடக்குதுன்னு பெரிய பெரிய டாக்டருங்களுக்கே இன்னும் புரியலயாம். ஆனா ஒன்னு, ஒரு தம்ளர் இனிப்புத் தண்ணி போதும், கட்டுன வீடு மொத்தமும் சரிஞ்சுடும்னு சொன்னாரு.

சுலோசனாவுக்கு அது நல்லாப் புரிஞ்சுது. புரியாதது மத்தவங்களுக்குத்தான். அவ புருஷன் கிருஷ்ணசாமி மில்லுல ஷிப்டு வேல. வீட்டுல சத்தம் கேட்டா சைக்கிளத் தொடைக்கப் போயிடற மனுசன். வீட்ட ஆண்டது அவனோட அக்கா அஞ்சலாட்சி. புருஷன் செத்த பொறவு தம்பி வீட்டோட வந்துட்டவ. நெல்லு வெளையற சீமையில பொறந்த புள்ளைக்கி ஒரு பருக்க சோறு இல்லன்னா ஊரு இன்னா பேசும்னு அவ கேக்காத நாள் இல்ல. சுலோசனா துணி தொவைக்கப் போற நேரம் பாத்து, ரசம் சோத்த பெசஞ்சு ஊட்டிடுவா. ரெண்டு தடவ கையும் களவுமா மாட்டினா. "நான் இன்னா வெஷமா குடுத்தேன்"னு மூக்கச் சிந்திக்கிட்டு போயி ஒக்காந்துட்டா. அதுக்கும் சுலோசனாவே போயி சமாதானம் பண்ண வேண்டியதாப் போச்சு.

அந்தத் தெருவுல உருப்படியா ஒதவுன ஒரே ஆளு பக்கத்து வீட்டு தேவதாஸ். பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து சைகோன் வரைக்கும் போயிட்டு வந்து, பென்ஷன் வாங்கிக்கிட்டு இருந்தாரு. தெருவே அவர சொல்தான்னுதான் கூப்புடும், பிரெஞ்சுல சிப்பாய்க்கு அதான் பேரு. சாயங்காலமானா ஒரு கிளாஸ் ஊத்திக்கிட்டு ரேடியோ கேப்பாரு. டவுன்ல தெரிஞ்ச கடையில இருந்து டின்னு வெண்ணெ அவருதான் வாங்கி வந்து குடுப்பாரு. தேங்காயெண்ணெ ஊத்தி வைக்க அவரோட காலி பிராந்தி பாட்டில் ஒண்ண, பொண்டாட்டி மர்த் வெந்நீர்ல கழுவிக் குடுத்தாங்க. இதெல்லாத்தையும் விட பெரிய ஒதவி, அமிர்தவல்லி தெருவுல வெளையாடிக்கிட்டு இருந்தா, அவரு கதவச் சாத்திக்கிட்டுத்தான் சாப்புடுவாரு. கொழந்த பாக்கக் கூடாது, தானும் குடுக்கக் கூடாதுன்னு. தெருவுல அதுக்கு அவருக்குக் கெடச்ச பேரு கஞ்சன்.

இத்தன பேரத் தாண்டியும் வைத்தியம் வேல செய்ய ஆரம்பிச்சுது. தெனமும் வந்த வலிப்பு வாரத்துக்கு ஒன்னாச்சு, அப்புறம் நின்னே போச்சு. டாக்டரு மாத்திரயக் கொறச்சாரு. கொழந்த மொகத்துல வெளிச்சம் வந்துச்சு. ஒரு நாள் பின்னல் கோணலா இருக்குன்னு அம்மாகிட்டயே எதுத்துப் பேசினா. மத்த வீட்டுல அதுக்கு அடி விழும். சுலோசனா உள்ள போயி கதவுக்குப் பின்னால நின்னு அழுதுட்டு வந்தா, பின்னல அவுத்து மறுபடியும் போட்டா.

பள்ளிக்கூடம் தொறக்க கொஞ்ச நாள்தான் பாக்கி. அப்பதான் அந்த வாசம் வந்துச்சு.

மூஞ்சி கழுவி விடும்போது சுலோசனாதான் மொதல்ல கவனிச்சா. கொழந்த வாயில இருந்து கனிஞ்சு அழுவிப் போன பலாப்பழம் மாதிரி ஒரு நெடி. அவளுக்கு வந்துச்சு பாரு கோவம். யாரு பழம் குடுத்தாங்கன்னு கேட்டா, யாரும் குடுக்கலன்னு கொழந்த சத்தியம் பண்ணுச்சு. முதுவுல ஒன்னு வச்சா, அப்பவும் அதே பதில்தான். மறுநாளும் வாசம், அதுக்கு மறுநாளும். கடைசில அஞ்சலாட்சியக் கூப்புட்டு, நீங்கதானே அண்ணின்னு கேட்டா. அஞ்சலாட்சி கொழந்த தாடையப் புடிச்சுத் தூக்கி மோந்து பாத்தா. அவ புருஷன் குடிச்சே செத்தவன். இருவது வருஷம் அந்த நாத்தத்தோட குடும்பம் நடத்துனவ.

"பழமாவது ஒன்னாவது. இது சாராயம்டீ"ன்னா.

சாராயம்னு வந்தா தெருவுக்கே தேவதாஸ் வீட்டு வாசல்தான் ஞாபகம் வரும். புதுச்சேரியில சளி புடிச்ச கொழந்தைக்கி ஒரு ஸ்பூன் பிராந்தி ஊத்தறது ஒன்னும் புதுசும் இல்ல. அந்தக் கொழந்த அவங்க வீட்டுத் திண்ணையிலதான் பாதி நேரம் வெளையாடும். சுலோசனா யோசிக்கவே இல்ல. நேராப் போயி அந்தச் சாத்துன கதவத் தட்டுனா. இத்தன நாள் இட்லிக்காரி மேல, எதிர்வீட்டுக்காரர் மேல, நாத்தனார் மேல சேத்து வச்சிருந்த எரிச்சல் மொத்தத்தையும் அந்த ஒரு ஆளு மேல கொட்டிட்டா. நல்லவர் மாதிரி நடிச்சு எம்பொண்ணக் கெடுத்துட்டீங்கன்னு தெருவே கேக்கற மாதிரி கத்துனா.

தேவதாஸ் கையில சோத்தோட நின்னுக்கிட்டு இருந்தாரு.

"நான் குடிக்கிறவன்தான்மா, இல்லங்கல. கொழந்தைக்கு ஊத்தறவன் இல்ல."

அவ்வளவுதான் சொன்னாரு. மர்த்தம்மா மறுநாளும் வெண்ணெ டின்னக் குடுத்து அனுப்பினாங்க. சுலோசனா திருப்பி அனுப்பிட்டா. கிருஷ்ணசாமி இந்த நேரம் பூரா சைக்கிள் செயினுக்கு எண்ண போட்டுக்கிட்டு இருந்தான்.

அந்த வாரமே கிளியனூர்ல கிருஷ்ணசாமியோட சித்தப்பா வீட்டுக் கல்யாணம். சுலோசனாவுக்குப் போவ இஷ்டமே இல்ல. கல்யாண வீடுன்னா நூறு பேரு, நூறு வாயி. ஆனா போவாட்டி மரியாத இல்லன்னு அஞ்சலாட்சி பிடிவாதம் புடிச்சா. கொழந்தைக்கி வேண்டியத எல்லாம் ஒரு மூட்டயாக் கட்டிக்கிட்டு பஸ் ஏறுனாங்க.

கோரிமேட்டு எல்லையில பஸ்ஸ நிறுத்துனாங்க. அந்தப் பக்கம் சென்ன ராஜ்ஜியம், அங்க மதுவெலக்கு. புதுச்சேரியில இருந்து எவன் எதக் கடத்துறான்னு போலீசு ஏறி ஒவ்வொரு மூட்டயா தடவிப் பாப்பாங்க. சுலோசனா மூட்டயத் தொறந்தா மேல இருந்துச்சு பிராந்தி பாட்டிலு. பஸ்ஸே எட்டிப் பாத்துச்சு. கான்ஸ்டபிள் மூடியத் தொறந்து மோந்தாரு, வெரல்ல தொட்டுப் பாத்தாரு, தேங்காயெண்ணெ. பின்னாடி சீட்டுல ரெண்டு பேரு சிரிச்சாங்க. அவரு பாட்டில மூடிக் குடுத்துட்டு நவுந்திருப்பாரு. அந்த நேரம் பாத்து அமிர்தவல்லி அவரு தொப்பியப் பத்தி என்னமோ கேட்டா. அவரு குனிஞ்சாரு, குனிஞ்ச மூஞ்சி அப்படியே நின்னுச்சு.

"பாட்டில்ல எண்ணெய வச்சிக்கிட்டு சரக்க கொழந்த வயித்துலயா கடத்துறீங்க?"

அவரு பாதி வெளையாட்டாத்தான் கேட்டாரு. கேசு எதுவும் போடல, தலய ஆட்டிக்கிட்டு எறங்கிட்டாரு. ஆனா பஸ்ல இருந்த பாதிப் பேரு அதே கல்யாணத்துக்குப் போறவங்க. பந்தல்ல கால் வைக்கறதுக்குள்ள சேதி முன்னால போயி ஒக்காந்திருந்துச்சு. சோறு போடாம சாராயம் ஊத்தி வளக்கறாளாம்னு ஒருத்தி இன்னொருத்தி காதுல சொன்னது சுலோசனா காதுலயும் விழுந்துச்சு.

அவ கொழந்தயக் கெணத்தடிக்கு இழுத்துக்கிட்டுப் போனா. உப்புப் போட்டுத் தேச்சா, வேப்பங்குச்சியக் குடுத்து மெல்ல வச்சா. வாசம் அசையல. எப்படி அசையும், அது வாயில இருந்து வந்தாத்தானே. கல்யாண வீட்டுப் பொம்பளைங்க சுத்தி நின்னு ஆளுக்கொரு யோசன சொன்னாங்க. குடிச்சிட்டு வர்ற ஆம்பளைங்களுக்கு அவங்க வழக்கமா பண்றத ஒருத்தி கொண்டாந்தா. எலுமிச்சம்பழம் புழிஞ்சு, வெல்லம் கரச்சு, சுக்குத் தட்டிப் போட்ட பானகம். ஒரு தம்ளரு உள்ள போனா நெடி ஓடியே போயிடும்னா.

சுலோசனாவுக்கு அந்த நேரத்துல டாக்டரும் ஞாபகம் இல்ல, ஈரலும் ஞாபகம் இல்ல. அந்த வாசம் போவணும், பின்னால சிரிக்கிற சத்தம் நிக்கணும், அவ்வளவுதான். தம்ளர வாங்கி கொழந்த வாய்கிட்ட கொண்டு போனா. அமிர்தவல்லி ஒதட்டுல பட்டதும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.

"அம்மா, இது இனிக்குது. நான் குடிக்கக் கூடாது."

"நான்தானே குடுக்கறேன். குடி."

குடிச்சா. அம்மா குடுத்தா குடிக்காம எப்படி இருக்கும். ரெண்டாவது தம்ளரும் குடிச்சா. சொன்ன மாதிரியே கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வாசம் போயிடுச்சு. சுலோசனா மோந்து பாத்துட்டு பெருமூச்சு விட்டா. சாயங்காலம், நாயனம் வாசிச்சுக்கிட்டு இருக்கும்போது, மொத வரிசையில ஒக்காந்திருந்த அமிர்தவல்லியோட கண்ணு மேல போச்சு. சுலோசனா ஓடி வந்து புடிக்கறதுக்குள்ள தரையில விழுந்து நெத்தி பொளந்துடுச்சு. யாரோ கையில சாவிக்கொத்தத் திணிச்சாங்க. யாரோ தண்ணி தெளிச்சாங்க. அந்த வலிப்பு நின்னுச்சு, கொஞ்ச நேரத்துல இன்னொன்னு வந்துச்சு.

மறுநாள் மொத பஸ்ல புதுச்சேரிக்குத் திரும்பி நேரா ஆஸ்பத்திரி. ஜில்பேர் டாக்டரு நெத்திக்கு மருந்து வச்சு கட்டச் சொன்னாரு, நடந்தத எல்லாம் பொறுமையாக் கேட்டாரு. சாராயம்ங்கற எடம் வந்ததும் கைய நீட்டி நிறுத்துனாரு. எப்படிப்பட்ட வாசம், எப்போ இருந்து வந்துச்சுன்னு கேட்டாரு. கேட்டுட்டு நெத்தியில கைய வச்சுக்கிட்டாரு.

கொழந்தைக்கு யாரும் எதையும் ஊத்தலம்மான்னாரு. கொழுப்பு கரஞ்சு ரெத்தத்துல எறங்குற அந்தச் சரக்குல ஒரு பங்கு அசெத்தோன்னு ஒன்னு, சட்டுனு ஆவியாப் போறது, அது மூச்சு வழியாத்தான் வெளிய போவும். வாசமே அதோடதுதான், நடுவுல நடுவுல சோறு உள்ள போனதாலதான் இத்தன நாள் தெரியல. வாசம் அடிச்சா வைத்தியம் புடிச்சிருக்குதுன்னு அர்த்தம், மூள அடங்கி இருக்குதுன்னு அர்த்தம். நீங்க தொரத்துனது வாசத்த இல்ல, மருந்தத்தான்னாரு. அப்புறம் கொஞ்சம் சலிப்போட, இத நான் மொத மாசமே சொல்லியிருக்கேனேன்னாரு.

"யார்கிட்ட சொன்னீங்க?"

டாக்டரு கிருஷ்ணசாமியப் பாத்தாரு. சுலோசனாவும் மெதுவா திரும்பிப் பாத்தா. அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல்னு அவன் மட்டும்தான் கொழந்தயக் கூட்டிக்கிட்டு வந்திருந்தான். கிருஷ்ணசாமி செவுத்துல மாட்டியிருந்த காலண்டரப் பாத்துக்கிட்டே சொன்னான்.

"பழ வாசம் வரும், பயப்படாதீங்கன்னாரு. நீங்க ரெண்டு பேரும் சாராயம் சாராயம்னுல்ல சண்ட போட்டீங்க. அது வேறயாக்கும்னு நெனச்சேன்."

சுலோசனாவுக்கு வாய் வரைக்கும் என்னென்னமோ வந்துச்சு. இருவது பேரு முன்னால தெருவுல கத்துனது, பஸ்ல தல குனிஞ்சது, கெணத்தடியில அந்தத் தம்ளர். இந்த ஆளு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா. ஆனா தம்ளரப் புடிச்சது அவன் கை இல்ல. எத்தன பேரு கையத் தட்டி விட்டவ அவ. கடைசியில பெரிய வாயா ஊட்டுனது அவதான். அது தெரிஞ்சதுனால ஆத்திரம் கொறையும்னு பாத்தா, கூடத்தான் ஆச்சு. "போயி சைக்கிளத் தொடைங்க"ன்னு மட்டும் சொன்னா.

மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்னுட்டாரு டாக்டரு. வார்டுலயே வச்சு, வெறும் தண்ணியோட பட்டினி போட்டு, அப்புறம் வெண்ணெயில தொடங்கணும். பள்ளிக்கூடம் தொறக்கற நாளு இதுக்குள்ளயே வந்து போயிடும். சிஸ்டர்கிட்ட கிருஷ்ணசாமியப் போயிச் சொல்லச் சொன்னா. என்ன சொல்லணும்ங்கறத மூணு தடவ திருப்பிச் சொல்ல வச்சுக் கேட்டுட்டுத்தான் அனுப்புனா. தீவாளி கழிச்சுப் பாக்கலாம்னு சிஸ்டர் சொன்னதா வந்து சொன்னான்.

அஞ்சலாட்சிய வார்டுல ஒக்கார வச்சிட்டு சுலோசனா சாரத்துக்கு வந்தா. தேவதாஸ் வீட்டுக் கதவு சாத்தியிருந்துச்சு. தெருவுல கொழந்த இல்லாதப்பவும் சாத்தியிருந்துச்சு. தட்டுனா. அவரு தொறந்தாரு. வழி பூரா யோசிச்சு வச்சிருந்ததுல ஒன்னு கூட வெளிய வரல.

"வெண்ணெ வேணும்"னா.

 மர்த்தம்மா உள்ள இருந்து, வந்தவள ஒக்காரச் சொல்லுங்கன்னு குரல் குடுத்தாங்க. அவ நின்னுக்கிட்டே டாக்டரு சொன்னத எல்லாம் ஒப்பிச்சா. அசெத்தோன்னு சொன்னதும் தேவதாஸ் புருவம் ஏறுச்சு. பட்டாளத்துல துப்பாக்கியில புடிச்ச எண்ணெப் பிசுக்க அதப் போட்டுத்தான் தொடைப்போம்னாரு. அந்த வாசம் இன்னும் மூக்குலயே இருக்குதாம், அன்னைக்கே ஒரு தடவ மோந்து பாத்திருந்தா சொல்லியிருப்பாராம். அவரத்தான் கொழந்தகிட்டயே விடலையே.

"பாட்டிலு என்னாச்சு?"

"இருக்குதுண்ணே. போலீசு திருப்பிக் குடுத்துட்டாரு."

"அத பத்திரமா வை. போலீசே பரிசோதன பண்ணுன பாட்டிலு." உள்ள போயி டின்ன எடுத்துக்கிட்டு வந்தாரு. "வாசம் வந்ததும் சொல்லி அனுப்பு. எம்மேல பழி போட்ட வாசம், நானும் ஒரு தடவ மோந்து பாக்கணும்."

மன்னிச்சுடுங்கன்னு அவளும் சொல்லல, பரவால்லன்னு அவரும் சொல்லல. டின்னு மட்டும் கை மாறுச்சு.

வார்டுல கொழந்த பசியில சுருண்டு கெடந்துச்சு. சுலோசனா நிமிசத்துக்கு ஒரு தடவ குனிஞ்சு மோந்தா. எதுவும் இல்ல. மறுபடியும் மோந்தா. பக்கத்துக் கட்டில்காரங்க இது என்ன நோயோன்னு கட்டில நவுத்திப் போட்டுக்கிட்டாங்க. அன்னைக்கும் ஒரு வலிப்பு வந்துச்சு, சின்னதா. வெண்ணெய ஆரம்பிச்ச பொறவு ஒரு காலையில, கட்டு மாத்த நர்சு வந்தப்போ, அந்த நெடி லேசா மூக்குல ஏறுச்சு. அழுவுன பலாப்பழம். சுலோசனா நம்பாம நாத்தனாரக் கூப்புட்டா. அஞ்சலாட்சி மூக்கக் கிட்ட கொண்டாந்து நல்லா இழுத்தா.

"எந்த டாக்டரு இன்னா சொன்னாலும் சரி, இது சாராயந்தான்"னா.

அவளோட மல்லுக்கு நிக்க சுலோசனாவுக்குத் தெம்பு இல்ல. சாராயமாவே இருக்கட்டும் அண்ணி, போவாம இருந்தா சரின்னுட்டா. அப்பதான் பக்கத்துக் கட்டில பாக்க வந்த ஒருத்தரு பொட்டலத்தப் பிரிச்சு பன்னு தின்ன ஆரம்பிச்சாரு. அமிர்தவல்லி பாத்துக்கிட்டே இருந்தா. அவரும் அதப் பாத்துட்டாரு. பாத்த பொறவு எப்படி முழுங்கறது. ஒரு துண்டு பிச்சு எடுத்துக்கிட்டு, ஒரே ஒரு வாய்தானேன்னு எழுந்து வந்தாரு. சுலோசனா பல்லக் கடிச்சுக்கிட்டு எழுந்தா. அவ வாயத் தொறக்கறதுக்குள்ள கொழந்த முந்திக்கிட்டா.

"எனக்கு வேணாம் மாமா. ஒங்களுக்கு வயித்து வலியெல்லாம் வராது, நீங்க சாப்புடுங்க."

சொல்லிட்டு அந்தப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டா.